பெற்றோருக்கும் ஒரு குருகுலம்

குழந்தையை உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிட்டு வீடு திரும்பும் பெற்றோருக்கு, அன்றிரவு வீட்டுக் கதவைத் திறக்கும் கணம் மிகவும் கனமானது. மூன்று தட்டுகளை எடுத்துப் பழகிய கை, இரண்டை எடுத்ததும் தயங்கி நிற்கிறது. படிக்கும் மேசையின் மேல் ஒரு பழைய பென்சில் கிடக்கிறது. அதை எடுத்து வைக்கவும் மனம் வரவில்லை. அங்கேயே விடவும் மனம் வரவில்லை.

விடுதிக்குச் சென்ற குழந்தையைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். உணவு எப்படி, ஆசிரியர்கள் எப்படி, அழாமல் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அந்தப் பெற்றோர் எப்படி இருக்கிறார்கள், வரப்போகும் ஆறேழு ஆண்டுகளை எவ்வாறு வாழப்போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களும் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. குழந்தை படித்து முடித்து வரும்வரை தங்கள் வாழ்க்கை ஒரு காத்திருப்பு அறையில் நடப்பதாகவே பலரும் எண்ணிவிடுகிறார்கள்.

இந்த எண்ணம் சரியானதா? பிரிந்து வாழும் இந்த ஆண்டுகளில் பெற்றோரின் கடமை என்ன? இதையே இப்பாடத்தில் ஆராயப்போகிறோம்.

இன்றைய குருகுலங்கள்

உறைவிடப் பள்ளி என்றதும் மலைவாசஸ்தலங்களில் உள்ள, செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. உண்மை அதைவிட மிக விரிவானது. 1961ஆம் ஆண்டு முதல் சைனிக் பள்ளிகள் இயங்கி வருகின்றன. 1985-86இல் ஹரியாணாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் சோதனை முயற்சியாகத் தொடங்கிய நவோதயா வித்யாலயங்கள், இன்று நாடெங்கும் 650க்கும் மேற்பட்ட இடங்களில் உள்ளன. பழங்குடி மாணவர்களுக்கான ஏகலவ்யா மாதிரி உறைவிடப் பள்ளிகள் 1997-98இலும், பின்தங்கிய பகுதிச் சிறுமியருக்கான கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயங்கள் 2004இலும் தொடங்கப்பட்டன.

நவோதயாவில் குறைந்தது 75 சதவீத இடங்கள் கிராமப்புறக் குழந்தைகளுக்கும், மூன்றில் ஒரு பங்கு பெண் குழந்தைகளுக்கும் உரியவை. நுழைவுத் தேர்வில் தேறி ஆறாம் வகுப்பில் சேரும் குழந்தை பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேயே தங்கிப் படிக்கிறது. ஆகவே இன்று விவசாயி, தையல் தொழிலாளி, அங்கன்வாடிப் பணியாளர் எனப் பலதரப்பட்ட பெற்றோரும் பதினொரு வயதுக் குழந்தையை வழியனுப்பிவிட்டு, பதினெட்டு வயது இளைஞனாகவோ இளம்பெண்ணாகவோ திரும்பப் பெறுகிறார்கள். இடைப்பட்ட வளரிளம் பருவம் முழுவதும் அவர்கள் கண்ணுக்கு அப்பால் கழிந்துவிடுகிறது.

நமது மரபுக்கு இது புதிதன்று. சாந்தோக்ய உபநிஷதத்தின் ஆறாம் அத்தியாயம் இத்தகைய ஒரு வழியனுப்புதலோடுதான் தொடங்குகிறது. உத்தாலக ஆருணி தம் மகன் சுவேதகேதுவைப் பன்னிரண்டு வயதில் குருகுலத்திற்கு அனுப்புகிறார். மகன் இருபத்துநான்கு வயதில் திரும்பி வருகிறான். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் தந்தை என்ன செய்தார் என்று உபநிஷதம் ஒரு வார்த்தையும் கூறவில்லை. ஆயினும் அவர் வெறுமனே காத்திருக்கவில்லை என்பது மகன் திரும்பிய அன்றே தெரிந்துவிடுகிறது. அதைப் பின்னர் காண்போம்.

ஒரு குடும்பம்

விதர்பப் பகுதியில் ஒரு சிறிய ரயில் நிலையம். அங்கு ஸ்டேஷன் மாஸ்டராகப் பணிபுரியும் ஒருவரின் குடும்பத்தை உதாரணமாக எண்ணிப் பார்ப்போம். அவருக்கு ஒரே மகள். நவோதயாவில் இடம் கிடைத்து மூன்று ஆண்டுகள் சொந்த மாவட்டத்திலேயே படித்தாள். ஒன்பதாம் வகுப்பில், ஹிந்தி பேசும் பகுதிக்கும் பேசாத பகுதிக்கும் இடையே மாணவர்களில் 30 சதவீதத்தினர் வரை ஓராண்டு இடம் மாறிப் படிக்கும் திட்டத்தில் அவள் பெயரும் வந்தது. பதினான்கு வயதில், மராத்தி பேசாத ஊருக்கு, ஓர் இரவும் ஒரு பகலும் பயணம் செய்து செல்ல வேண்டியதாயிற்று.

மகள் போன பின்பு தந்தை இரவுப் பணிகளைத் தாமே கேட்டுப் பெறத் தொடங்கினார். சக ஊழியர்களுக்கு மகிழ்ச்சி, மேலதிகாரிகளுக்கு மதிப்பு. உண்மைக் காரணம் அவருக்கு மட்டுமே தெரியும். மாலையில் வீட்டில் உட்கார அவரால் முடியவில்லை. தாய்க்கு அந்த வழியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடுதித் தொலைபேசியில் கிடைக்கும் சில நிமிடங்களுக்காகவே அவள் வாரத்தின் மற்ற ஆறு நாட்களையும் கழித்தாள். அழைப்பு வந்ததும் கேள்விகளை அடுக்கினாள். சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயா, எத்தனை மதிப்பெண், ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். கடைசி நிமிடம் எப்போதும் அழுகையில் முடிந்தது.

மகளின் பதில்கள் நாளடைவில் சுருங்கின. "ஆம்", "இல்லை", "நன்றாக இருக்கிறேன்" என்பதோடு நின்றன. மகள் தங்களை மறந்துவிட்டாளோ என்று தாய் அஞ்சினாள். உண்மை வேறு. தனக்கு ஒரு சிறு துன்பம் என்று சொன்னாலும் தாய் உடைந்துபோவாள் என்பதை அந்தப் பெண் அறிந்துகொண்டாள். ஆகவே தாயைக் காப்பாற்றும் பொறுப்பைத் தானே ஏற்று, சொல்ல வேண்டியவற்றை விழுங்கத் தொடங்கினாள். பதினான்கு வயதுத் தோளில் தன் சுமையோடு வீட்டின் சுமையும் ஏறிவிட்டது.

இங்கே இரண்டு தவறுகள் உள்ளன. இரண்டும் அன்பிலிருந்து பிறந்தவை. ஆகவே தவறுகளாகத் தோன்றுவதில்லை. தந்தை வேலையை மறைவிடமாக்கிக்கொண்டார். தாய் மகளின் வாழ்க்கையையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்டாள்.

அன்பும் அபிஷ்வங்கமும்

கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ஞானத்திற்கு உரிய பண்புகள் பட்டியலிடப்படுகின்றன. அவற்றுள் அனபிஷ்வங்கம் என்பது ஒன்று. மகன், மனைவி, வீடு முதலியவற்றின்பால் அபிஷ்வங்கம் இல்லாமை என்பது அதன் பொருள். இதைப் படிக்கும் இல்லறத்தார் திடுக்கிடுகிறார்கள். பெற்ற குழந்தையிடம் அன்பு செலுத்தக்கூடாதா என்று கேட்கிறார்கள்.

ஆதிசங்கரர் தம் உரையில் இச்சொல்லை நுட்பமாக விளக்குகிறார். அபிஷ்வங்கம் என்பது பற்றின் ஒரு தனி வகை. மற்றொருவரைத் தானாகவே எண்ணிவிடுவது அதன் இயல்பு. அவர் மகிழ்ந்தால் நான் மகிழ்ந்தேன், அவர் துன்புற்றால் நானே துன்புற்றேன், அவர் வாழ்ந்தால்தான் நான் வாழ்கிறேன் என்று கருதும் மனநிலை அது. அன்பு இங்கு விலக்கப்படவில்லை. இருவர் ஒருவராகக் குழம்பிப்போவதே விலக்கப்படுகிறது.

அன்புக்கு இருவர் வேண்டும். ஆற்றில் தத்தளிப்பவனைக் காப்பாற்றக் கரையில் நிற்பவனால் முடியும். அவனோடு சேர்ந்து தத்தளிப்பவனால் முடியாது. மகள் அழும்போது தாயும் அழுதுவிட்டால், அந்தச் சில நிமிடங்களில் மகளுக்குத் தாய் இல்லாமல் போகிறாள். அழும் இருவர் மட்டுமே இருக்கிறார்கள்.

வால்மீகி ராமாயணத்தில் தசரதர் படும் பாடும் இதுவே. விசுவாமித்திரர் வந்து ராமனை அனுப்புமாறு கேட்கிறார். ராமனுக்கு இன்னும் பதினாறு வயது நிறையவில்லை என்று அரசர் கலங்குகிறார். ராமனுக்குப் பதிலாகத் தாமே படையோடு வருவதாகக் கூறுகிறார். மகன் கற்க வேண்டிய பாடத்தை மகனுக்குப் பதிலாகத் தாமே சென்று எழுதிவிடத் துடிக்கும் எல்லாப் பெற்றோரின் குரலும் அதில் கேட்கிறது. விசுவாமித்திரர் தந்தையை விரும்பவில்லை, மகனையே கேட்டார். வசிஷ்டர் எடுத்துக் கூறிய பின்னரே தசரதர் இசைந்தார். அந்தப் பயணத்தில்தான் ராமன் அஸ்திரங்களைப் பெற்றான். அந்தப் பயணமே அவனை மிதிலைக்கும் கொண்டு சேர்த்தது.

வேலை மறைவிடமன்று

தந்தையின் தவறு இதைவிட நுட்பமானது. அவர் கடமையைத்தானே செய்தார் என்று தோன்றும். செயல் கடமையாவது எப்போது என்பதைக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் விரிவாக ஆராய்கிறது. செய்ய வேண்டியது என்பதற்காகச் செய்யும் செயல் ஒன்று. மற்றொன்றைப் பார்க்காமல் இருப்பதற்காகச் செய்யும் செயல் வேறு. வெளியில் இரண்டும் ஒன்றுபோலவே காணப்படும். முன்னது மனத்தைத் தூய்மைப்படுத்துகிறது. பின்னது மனத்தை மரத்துப்போகச் செய்கிறது. குழந்தையின் பிரிவை மறக்க வேலையில் மூழ்குபவர், நாளடைவில் குழந்தையையே மறந்து, அதற்குப் பணம் அனுப்பும் ஒருவராக மட்டும் மாறிவிடக்கூடும். வீட்டில் தனித்திருக்கும் துணைவியையும் அவர் மறந்துவிடுகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையே தொலைபேசியை எடுத்தார். வழக்கமான கேள்விகள் முடிந்ததும் மகள் கேட்டாள்: "பாபா, இந்த வாரம் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

அவரிடம் பதில் இல்லை. வேலைக்குப் போனேன் என்றார். பிறகு இருவரும் மௌனமாக இருந்தார்கள். தன் மகளுக்குச் சொல்வதற்குத் தன் வாழ்க்கையில் ஒரு செய்தியும் இல்லை என்பது அவருக்கு அன்றுதான் உறைத்தது.

அன்றிரவு பணியில் இருந்தபோது, இத்தனை ஆண்டுகள் தாம் செய்துவந்த வேலையை அவர் புதிதாகப் பார்த்தார். ஒரு வண்டியை அனுப்பும் முன்பு அடுத்த நிலையத்திலிருந்து லைன் கிளியர் பெற வேண்டும். பெறாமல் அனுப்பக்கூடாது. பெற்ற பின்பு, போதிய காரணமின்றி நிறுத்தி வைக்கவும் கூடாது. வண்டி கடக்கும்போது நின்று பார்க்க வேண்டும். கடைசிப் பெட்டியில் இருக்க வேண்டிய அடையாளப் பலகையும், இரவானால் சிவப்பு விளக்கும் உள்ளனவா என்று கவனிக்க வேண்டும். அதன் பின் வண்டியோடு ஓட அவருக்கு உரிமை இல்லை. அவருடைய இடம் நிலையம். அடுத்தடுத்த வண்டிகள் அவரை நம்பி வந்துகொண்டிருக்கின்றன. எனினும் அவர் மறந்துவிடுவதும் இல்லை. வண்டி முழுமையாகப் போய்ச் சேர்ந்தது என்ற செய்தி வரும்வரை அந்தத் தண்டவாளத்தை வேறொரு வண்டிக்குத் தருவதில்லை. உரிய நேரத்தில் செய்தி வராவிட்டால் விசாரிக்கிறார்.

விட்டுவிடுவதும் விழிப்போடு இருப்பதும் முரணானவை என்று அதுவரை எண்ணியிருந்தார். அவை இரண்டும் ஒரே கடமையின் இரு பாதிகள் என்பதை அவருடைய கைகள் ஏற்கெனவே அறிந்திருந்தன. மனம் அன்றுதான் அறிந்தது.

அழைப்பு வரும் இரவு

அனபிஷ்வங்கம் அலட்சியமாகிவிடக்கூடாது. இதை அழுத்திக் கூற வேண்டியுள்ளது. ஏனெனில் வைராக்யம் என்ற பெயரில் குழந்தையின் முறையீட்டைக் காதில் வாங்காத பெற்றோரும் உண்டு. "எல்லாம் பழகிவிடும்", "நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் படித்தோம்" என்று கூறி முடித்துவிடுகிறார்கள்.

ஒரு புதன்கிழமை இரவு விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. ஞாயிறு அல்லாத நாளில் வரும் அழைப்பே கலக்கம் தருவது. "என்னை வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று மகள் அழுதாள். தாயின் மனம் உடனே கிளம்பச் சொன்னது. தந்தையின் பழைய மனம் சமாதானம் கூறி வைத்துவிடச் சொன்னது. இருவரும் அவ்விரண்டையும் செய்யவில்லை. மகள் அழுது முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார்கள். பிறகு தந்தை நிதானமாக மூன்று கேள்விகள் கேட்டார். உனக்கு உடம்புக்கு ஏதாவதா? யாராவது உன்னை அடிக்கிறார்களா, தொடக்கூடாத விதத்தில் தொடுகிறார்களா, பயமுறுத்துகிறார்களா? அங்கே நீ மனம்விட்டுப் பேசக்கூடிய பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா?

முதல் இரண்டுக்கும் இல்லை என்ற பதில் வந்தது. எனினும் தொலைபேசியில் வந்த பதிலோடு அவர்கள் நின்றுவிடவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் நேரில் சென்றார்கள். மகளோடு தனியாகப் பேசினார்கள். விடுதிப் பொறுப்பாளரோடும் பேசினார்கள். மற்றவர்கள் பேசும் ஹிந்தி வேகமாக இருந்தது. இவளுடைய உச்சரிப்பைக் கேட்டு இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அன்று முதல் இவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. இதுதான் நடந்தது. பெரியவர்களுக்குச் சிறியது, பதினான்கு வயதில் இது மலை. பொறுப்பாளர் அந்த இரு பெண்களையும் அழைத்துப் பேசினார். மறுநாள் காலை, "இருப்பதா, வருவதா? நீயே சொல். வந்தால் தோல்வி என்று நாங்கள் நினைக்கமாட்டோம்" என்று தந்தை கேட்டார். அவள் வெகுநேரம் யோசித்து, இருக்கிறேன் என்றாள். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்த பின்பே அவளால் உள்ளே நிற்க முடிந்தது.

பதில் வேறாக இருந்திருந்தால் பெற்றோரின் செயலும் வேறாக இருந்திருக்க வேண்டும். குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்ற ஐயம் எழுந்தால், முதலில் குழந்தையைப் பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டுவர வேண்டும். படிப்பும் பள்ளியின் பெயரும் அதற்குப் பின்னரே. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணைக் குழந்தை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். வழியனுப்பும் நாளில் பெட்டியில் வைக்கும் பொருள்களோடு இதையும் சொல்லி அனுப்புவது பெற்றோரின் தர்மம். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே, குழந்தை தயக்கமின்றிப் பெற்றோரோடு தனியாகப் பேச அங்கு வழியுண்டா என்று விசாரிப்பது லைன் கிளியர் பெறுவதற்கு ஒப்பாகும்.

என்ன எழுதுவது?

மகளின் கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்ற தந்தையிடம் திரும்புவோம். தொலைவில் உள்ள குழந்தைக்குப் பெற்றோர் தரக்கூடியது என்ன?

1930 அக்டோபர் முதல் 1933 ஆகஸ்ட் வரை ஜவாஹர்லால் நேரு பல சிறைகளில் இருந்தபடி மகள் இந்திராவுக்குக் கடிதங்கள் எழுதினார். அக்காலத்தின் பெரும்பகுதியில் இந்திரா புனாவில் ஓர் உறைவிடப் பள்ளியில் படித்துவந்தார். தந்தை சிறையில், மகள் விடுதியில். நினைத்தபோது சென்று பார்க்க வழியில்லை. ஆயினும் அந்தத் தந்தை உலக வரலாற்றைப் படித்தார், படித்ததைத் தம் போக்கில் சிந்தித்தார், சிந்தித்ததை எழுதினார். 196 கடிதங்களாகப் பெருகிய அவை 1934இல் நூலாக வெளிவந்தன.

எல்லாப் பெற்றோரும் உலக வரலாறு எழுத வேண்டியதில்லை. இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றே. சிறைப்பட்ட தந்தை தம் மகளுக்குத் தம் கவலையை அனுப்பவில்லை. தம் உழைப்பின் விளைவை அனுப்பினார். கேள்விகளை மட்டும் அனுப்பும் பெற்றோருக்குப் பதில்கள் மட்டுமே வரும். தம் வாழ்க்கையில் ஒரு பங்கைத் தரும் பெற்றோருக்குக் குழந்தையின் வாழ்க்கையில் ஒரு பங்கு கிடைக்கும்.

ஸ்டேஷன் மாஸ்டர் அஞ்சலட்டையில் எழுதத் தொடங்கினார். மூன்றாம் எண் தண்டவாளத்தின் அருகே உள்ள வேப்பமரத்தில் காகம் கூடு கட்டியிருப்பதை எழுதினார். மூடுபனியில் வண்டியை எப்படி அனுப்புகிறார்கள் என்பதை ஒருமுறை விளக்கினார். அதற்கு மகள் இரண்டு பக்கங்களில் பதில் எழுதினாள். எத்தனை மாதங்களாகத் தொலைபேசியில் கிடைக்காத மகள் அந்த இரண்டு பக்கங்களில் கிடைத்தாள். அவர் கேட்டுப் பெற்ற இரவுப் பணிகளை விட்டுவிட்டு முறைப்படி வரும் பணியை மட்டும் பார்க்கலானார். மாலை வேளைகளில் அவரும் மனைவியும் கால்வாய்க்கரை வரை நடந்து சென்றார்கள். மகளைப் பற்றி அல்லாமலும் பேச முடிகிறது என்பதைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் கண்டார்கள்.

தந்தை மாணவரானார்

சுவேதகேதுவைப் பற்றி உபநிஷதங்களில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. அது பிருஹதாரண்யகத்தின் ஆறாம் அத்தியாயத்திலும் சாந்தோக்யத்தின் ஐந்தாம் அத்தியாயத்திலும் வருகிறது. பாஞ்சால அரசன் பிரவாஹண ஜைவலி சுவேதகேதுவிடம் ஐந்து கேள்விகள் கேட்கிறான். ஒன்றுக்கும் அவனால் விடை கூற முடியவில்லை. அவமானத்தோடும் கோபத்தோடும் தந்தையிடம் ஓடிவந்து, எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்களே என்று குறைகூறுகிறான்.

பெரும்பாலான தந்தையர் இந்த இடத்தில் மகனை அதட்டியிருப்பார்கள், அல்லது அரசனைப் பழித்திருப்பார்கள். ஆருணி அவ்வாறு செய்யவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் உனக்குச் சொன்னேன். இவை எனக்கும் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார். பிருஹதாரண்யகத்தின்படி, வா, இருவரும் அங்கே சென்று மாணவராகத் தங்கிக் கற்போம் என்று மகனை அழைக்கிறார். மகன் வரவில்லை, நீங்களே போங்கள் என்கிறான். தந்தை தயங்கவில்லை. தனியாகச் சென்று, தம்மை மாணவர் என்று அறிவித்துக்கொண்டு, அரசனிடம் கற்கிறார்.

மகனைக் குருகுலத்திற்கு அனுப்பும் தகுதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது இங்கே விளங்குகிறது. எந்த வயதிலும் மாணவராகத் தயங்காத ஒருவரே தம் குழந்தையை மாணவராகு என்று சொல்லத் தகுந்தவர்.

நமது உதாரணத்தின் தாய் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். வீட்டிலேயே தையல் வேலை செய்துவந்தாள். மகள் படிக்கும் பாடங்களைப் பற்றி அவளிடம் பேச முடியவில்லையே என்ற வருத்தம் நெடுநாளாக இருந்தது. 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தைப் பற்றி அவள் கேள்விப்பட்டாள். அதில் பத்தாம் வகுப்புக்குச் சேர உயர்ந்தபட்ச வயது வரம்பு இல்லை. ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பாடமாகவும் எழுதித் தேறலாம். பொதுத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. முப்பத்தாறு வயதில் அவள் சேர்ந்தாள். மதியம் தையல் இயந்திரத்தை மூடிவைத்து, மகளின் அந்த மேசையிலேயே உட்கார்ந்து படித்தாள். மாதக்கணக்காகக் கிடந்த பழைய பென்சில் தானாகவே பயன்பாட்டுக்கு வந்தது.

திரும்பி வருபவர் யார்?

சுவேதகேது குருகுலத்திலிருந்து திரும்பியபோது எல்லா வேதங்களையும் கற்றிருந்தான். கற்றவன் என்ற செருக்கும் உடன் வந்தது. தந்தை அதைக் கண்டார். பரிகசிக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. எதை அறிந்தால் அறியாததும் அறிந்ததாகுமோ அதைக் கேட்டறிந்தாயா என்று ஒரு கேள்வி கேட்டார். மகன் திகைத்தான், தந்தையிடமே கற்க அமர்ந்தான். ஆலம்பழத்தைப் பிளந்து விதையைக் காட்டியும், உப்பை நீரில் கரைத்தும், பதினைந்து நாள் உண்ணாமல் இருக்கச் செய்தும் அந்தத் தந்தை கற்பித்தார். முடிவான உபதேசத்தை ஒன்பது முறை கூறினார். பன்னிரண்டு ஆண்டுக் காலம் மகனுக்காக ஏங்கி மட்டுமே இருந்திருந்தால், திரும்பிய மகனுக்குக் கொடுக்க அவரிடம் என்ன இருந்திருக்கும்?

விடுமுறைக்கு வீடு வரும் வளரிளம் குழந்தையிடமும் ஒரு சிறு சுவேதகேது இருக்கிறான். நமது உதாரணத்தின் மகளும் ஓராண்டு முடிந்து அவ்வாறே வந்தாள். பேச்சில் ஹிந்தி கலந்திருந்தது. வீட்டுச் சமையலில் காரம் அதிகம் என்றாள். அடுத்த வீட்டுத் தோழியின் பேச்சு அவளுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. போன குழந்தையே திரும்ப வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் பெற்றோருக்கு இந்நாட்கள் பெரும் ஏமாற்றமாகும். போன குழந்தை திரும்புவதே இல்லை, வேறொருவர் வருகிறார். அவரை நாம் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் தாய் தன் கணக்குப் புத்தகத்தை மகள் முன் வைத்து, "இந்த இயற்கணிதம் எனக்கு வரவில்லை. சொல்லிக்கொடு" என்றாள். மகள் ஒருகணம் தாயைப் பார்த்தாள். "ஆயி, நீ படிக்கிறாய் என்று நான் சும்மா நினைத்தேன்" என்றாள். பிறகு பென்சிலை எடுத்தாள். மூன்று முறை விளக்கியும் தாய்க்குப் புரியவில்லை. நான்காம் முறை மகள் தன் குரலைத் தணித்து, முதலிலிருந்து மெதுவாகத் தொடங்கினாள். செருக்கு எங்கே போயிற்று என்று யாரும் கவனிக்கவில்லை.

அன்று இரவு தாய் தயக்கமின்றி மூன்று தட்டுகள் எடுத்தாள். இரண்டு வாரங்களுக்குப் பின் மறுபடியும் இரண்டு எடுக்க வேண்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அது இப்போது அவளைத் தடுக்கவில்லை.

சிந்தனைக்கும் பயிற்சிக்கும்

1. தொலைவில் உள்ள உங்கள் குழந்தை, "இந்த வாரம் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் உங்கள் பதில் என்ன? அதை ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் பாருங்கள்.

2. உங்கள் வேலைகளில், கடமைக்காகச் செய்பவை எவை? எதையோ பார்க்காமல் இருப்பதற்காகச் செய்பவை எவை?

3. அன்புக்கும் அபிஷ்வங்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விளக்கிக்கொள்ளுங்கள்.

4. துன்பம் நேர்ந்தால் உங்களிடம் தயங்காமல் சொல்லலாம் என்று உங்கள் குழந்தை நம்புகிறதா? அந்த நம்பிக்கை உண்டாக நீங்கள் செய்தது என்ன?

5. பள்ளியோடு நீங்கள் கைவிட்ட கல்வி எது? ஆருணியைப் போல இன்று அதை மீண்டும் தொடங்கத் தடையாக இருப்பது எது?